நேராக நின்ற கோடுகள்

கோடுகள் மூச்சு விட்டன.

புஷ்பராணி திரையை உற்றுப் பார்த்தாள். பாயான் லெப்பாஸ் லென்ஸ் தொழிற்சாலையில் அவளுக்குப் பதினொரு வருச சர்வீஸ். கம்ப்யூட்டர் சொல்கிற இடத்தில் சொல்கிற நேரம் நின்று லென்ஸைத் தேய்க்கும் மிஷினை ஓட்டுவதும், தேய்த்ததைக் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் இருக்கும் சோதனை அறையில் வைத்துவிட்டு வெளியே உட்கார்ந்து திரையில் கோடுகளைப் பார்ப்பதும்தான் வேலை. கோடுகள் நேராக நின்றால் லென்ஸ் பாஸ். உள்ளே ஆள் இருந்தால் நிற்காது. உடம்புச் சூடு பட்டாலே, மூச்சுக்காற்று பட்டாலே நெளிந்துவிடும். அவ்வளவு ரோஷம் அவற்றுக்கு!

அறையில் ஆள் இல்லை. கோடுகளோ தூங்குகிறவன் நெஞ்சுபோல ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

சீனப் பெருநாளின் இரண்டாம் நாள், பட்டப்பகல், தொழிற்சாலையே காலி. வீட்டில் மட்டும் யார் காத்திருக்கிறார்கள்? பாயான் பாரு ஃபிளாட்டில் பேச்சுத்துணைக்கு ஒரு ரேடியோ. அவளை அக்கா என்று கூப்பிட இந்த ஓர் இடம்தான் உண்டு, அதற்கும் வந்திருந்தது ஆபத்து. ஏற்கெனவே இரண்டு லென்ஸ் பாழ். இதுவும் போனால் வேலை போச்சு என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

வாசலில் காவலுக்கு இருக்கும் ஜாகா அப்துல் ரசாக்குக்குப் போன் போட்டாள்.

“அண்ணே, உள்ள வேற யாராச்சும் இருக்காங்களா?”

“யாரும் இல்லலா தங்கச்சி. நீ ஒரு ஆளுதான்.”

பாழாய்ப்போன ஏர்கோன்தான் என்று முணுமுணுத்துக்கொண்டு, கண் மட்டும் தெரியும், நெஞ்சில் பதினாலாம் நம்பர் போட்ட வெள்ளை உடுப்போடு உள்ளே போனாள். ஸ்பிரிட் வாடையும், எலும்புவரை இறங்கும் குளிரும், தன் செருப்பே தனக்குப் பின்னால் வருவதுபோன்ற சத்தமுமாக இருந்தது அறை. கதவு தானாக மூடிக்கொண்டது.

உள்ளே இருந்த சின்னத் திரையில் கோடுகள் நேராகிவிட்டன.

நேராக. அவள் பக்கத்தில் நிற்கும்போதே.

லென்ஸுக்கு முன்னால் கையை நீட்டினாள். அசையவில்லை. முகமூடியை இறக்கி ஊதினாள்.

அசையவில்லை. ஐயோ, அசையவே இல்லை.

வெளியே போன் அடித்தது. கண்ணாடிக்கு அப்பால், அவள் நாற்காலியில், அவளுடைய அதே பதினாலாம் நம்பர் உடுப்பில் இருந்த ஒருத்தி அதை எடுத்தாள். குரல் மங்கலாகக் கேட்டது. புஷ்பராணியின் குரல்.

“ஆமாண்ணே, நான் மட்டுந்தான். லென்ஸ் பாஸ்லா.”

புஷ்பராணி கத்தினாள். கண்ணாடியில் ஓங்கி அறைந்தாள். அந்தக் கண்கள் நிமிரவில்லை. லென்ஸ் மேசையை இரண்டு கையாலும் உலுக்கினாள்.

திரையில் கோடுகள் நேராகவே நின்றன.