கனா ஈக்கள்

இந்தக் காலத்து ஜனங்களுக்கு ஒழுங்காகத் தூங்கக்கூடத் தெரியவில்லை என்று சூசை மச்சாது திட்டாத நாளில்லை. ஒருக்களித்துப் படுத்து, மேல்காதை ஆகாயத்துக்குக் காட்டி, ஜன்னலையும் திறந்துபோட்டுத் தூங்குகிறார்கள். மத்தியான வெயிலில் கடற்கரைத் தெரு முழுக்க அப்படித்தான் கிடந்தது. கனா ஈக்கள் மட்டும் வீடுவீடாக மிதந்துகொண்டிருந்தன.

பார்வைக்குத் தேனீ மாதிரி மொசுமொசுவென்று இருக்கும், தேனீ இல்லை. காட்டில் ஒரு ஈ உண்டு. மண்சுவரில் ஒருவகைத் தேனீ துளைத்த பொந்துக்கு முன்னால் அந்தரத்தில் நின்று, உட்காராமலே முட்டையை உள்ளே சுண்டிவிட்டுப் போய்விடும். பொரிந்த புழு, தேனீக்குஞ்சு கொழுக்கும்வரை பக்கத்திலேயே சும்மா கிடக்கும். பிறகு அதை உறிஞ்சிவிட்டுத் தோலை மிச்சம் வைக்கும். அந்த ஈயைத்தான் ஆய்வுக்கூடத்தில் பழக்கி, முட்டைக்குப் பதில் கனா வித்து ஒன்றைச் சுண்ட வைத்திருந்தார்கள். காதில் விழுந்த வித்து உள்ளே வேர்விட்டு, மனசு எதற்கு ஏங்குகிறதோ அதையே தூக்கத்தில் கொண்டுவந்து கொடுக்கும்.

சூசையின் மனைவி விசேந்தம்மாள் ஏங்கியது மகன் லூர்தனுக்காக. அவன் நிலாச் சுரங்கத்துக்குப் போய் ஆறு வருஷம். சோறு இறங்காமல் அவள் இளைத்தபோது, ஈ வளர்க்கும் வேலையிலிருந்த பக்கத்து வீட்டுப் பெண் கில்டா ஒரு கூட்டைக் கொண்டுவந்து ஜன்னலில் தொங்கவிட்டாள். அதற்குப்பின் விசேந்தம்மாள் தேறினாள். தூக்கத்தில் அவள் முகம் நிலா வெளிச்சம் பட்ட தண்ணீர் போல அசையும். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதனாலேயே சூசைக்குப் பிடிக்கவில்லை.

இன்று லூர்தன் வந்துவிட்டான். நிலாவில் லேசாக நடந்து பழகிய கால்கள் இங்கே கனக்க, கம்பு ஊன்றிக் கட்டிலருகே வந்து நின்றான்.

"அம்மா!"

அவள் பாதிக் கண் திறந்தாள். "வந்துட்டியால? இப்பத்தான சாப்பிட்டுட்டுப் போன?"

"ஆறு வருஷம் கழிச்சு வாரேம்மா."

"போல, கிறுக்கா. நேத்து நெத்திலி பொரிச்சுத் தந்தேன்லா."

ஊர் வழக்கப்படி நெற்றியில் சிலுவை வாங்கிக்கொள்ள அவன் குனிந்தான். அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீ யாருப்பா, இப்படி நரைச்சுக் கெடக்க? எம்புள்ள இப்படி இருக்கமாட்டானே."

சொல்லிக்கொண்டே கண்ணை மூடிவிட்டாள். அவள் பெருவிரல் மட்டும் காற்றில், யாருடைய நெற்றியிலோ, மெதுவாகச் சிலுவை போட்டது.

லூர்தன் நிமிர்ந்து, ஜன்னலில் தொங்கிய ஈக்கூட்டைப் பார்த்தான். பிறகு கில்டாவைக் கூப்பிட்டான். "எனக்கும் ஒண்ண விடுட்டி. கனாவுலயாவது அம்மாவுக்கு என்னத் தெரியட்டும்."

"ஏல, வேண்டாம்ல!" என்று வாசலிலிருந்து சூசை கத்தினார். அதற்குள் அவன் தாயின் பக்கத்தில் பாயை விரித்து, ஒருக்களித்துவிட்டான். ஒரு ஈ வந்து, நின்று, சுண்டிவிட்டுப் போனது. கொஞ்ச நேரத்தில் அவனும் சிரித்தான்.

"பாத்தியளா பெரியப்பா, ரெண்டு பேரும் எவ்வளவு சந்தோஷமா இருக்காவ!" என்றாள் கில்டா.

"முழிச்சதும் ஒருத்தர ஒருத்தர் யாருன்னு கேப்பாவ. அப்ப நீ வந்து பதில் சொல்லு."

"ஏன் முழிக்கணும்?"

 சூசை துண்டால் இரண்டு காதையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு, எதையோ முணுமுணுத்தபடி, ஆளில்லாத தெருவில் கடலைப் பார்க்க நடந்தார்.