சுவருக்கும் பீரோவுக்கும் நடுவில்

அவர்கள் அந்தப் பழைய வீட்டின் மாடி அறைக்குக் குடிவந்தது ஒரு மழைநாள் காலையில். அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. மகளுக்குப் புதிதாகத் துணிக்கடையில் வேலை கிடைத்திருந்தது. அறையில் ஒரு கட்டில், ஒரு ஜன்னல், சுவரோடு ஒட்டாமல் கை நுழையும் அளவு இடுக்கு விட்டு நின்ற இரும்பு பீரோ. தள்ளிப் பார்த்தார்கள். அசைந்து கொடுக்கவில்லை.

சீருடையை நீட்டும்போதே கடை மேலாளர் சொல்லிவிட்டாராம்: "இந்த அளவுதான் இருக்கு. துணியை மாத்த முடியாது, நீதான் மாறணும்."

மகள் மாற ஆரம்பித்தாள். முகம் களையாகிவிட்டது என்று கடையில் மெச்சினார்கள். அம்மாவுக்கும் உள்ளூரப் பெருமைதான். அப்புறம் கன்னம் ஒட்டியது. சீப்பில் முடி கொத்துக்கொத்தாக வந்தது. நல்ல வெயிலிலும் போர்வைக்குள் நடுங்கினாள். ஆனால் தட்டில் வைத்த சாப்பாடு மட்டும் தினமும் மிச்சமில்லாமல் காலியானது.

ஒரு மத்தியானம் அம்மா சீக்கிரமே வீடு திரும்பினாள். படியேறும்போதே ஒரு வாடை. அழுகின பழமும், வெறும் வயிற்றின் புளிப்பும் கலந்த வாடை. கதவு ஒருக்களித்திருந்தது.

மகள் கடைக்குப் போகாமல் தரையில் உட்கார்ந்து, ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து பீரோ இடுக்குக்குள் நீட்டிக்கொண்டிருந்தாள்.

உள்ளே மெல்லும் சத்தம் கேட்டது.

"யாருடி அங்க?"

"கத்தாதம்மா. அக்கா பயந்துக்குவாங்க."

"எந்த அக்கா?"

"செத்ததுக்கு அப்புறம்தான் அவங்களுக்குப் பசிக்கவே ஆரம்பிச்சுதாம். பாவம்மா." சிரித்ததில் மகளின் உதடு வெடித்து ரத்தம் கசிந்தது. "நானும் இன்னும் கொஞ்சம் இளைச்சா உள்ள வந்துடலாமாம்."

அம்மா அவளை இழுத்துக் கட்டிலில் போட்டுவிட்டு இடுக்கில் கண்ணை வைத்தாள். வெறும் சுவர். ஒரு துணுக்கு ரொட்டி கூட இல்லை.

கீழே ஓடினாள். "மேல இதுக்கு முன்னாடி யாரும்மா இருந்தாங்க?"

வீட்டுக்காரம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"என் பெரிய பொண்ணு. கல்யாணத்துக்குள்ள இளைச்சுடு, இளைச்சுடுன்னு நான்தான் அவ உயிரை வாங்கினேன்."

சொன்ன வார்த்தை தன் காதிலேயே விழுந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அம்மா மறுபடி மேலே வந்தபோது கட்டில் காலி.

மகளின் ஒரு தோள் இடுக்குக்குள் போயிருந்தது.

இரும்பு அவள் கன்னத்தைச் சிராய்த்துக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து யாரோ இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மா அவள் இடுப்பைக் கட்டிப்பிடித்தாள். கைக்கு எலும்புதான் தட்டுப்பட்டது. இழுக்க இழுக்க மகள் உள்ளேதான் போனாள்.

"விட்டுடு தாயி," இருட்டைப் பார்த்துக் கதறினாள். "உனக்கு நான் ஆக்கிப் போடுறேன். வயிறு நெறயச் சாப்பிடு. எம்பொண்ணை மட்டும் குடுத்துடு."

இழுப்பு நின்றது.

குச்சி போன்ற ஒரு கை வெளியே வந்தது. அம்மாவின் முழங்கைச் சதையை, கிடைக்காததைத் தொட்டுப் பார்ப்பதுபோல, மெல்ல அமுக்கிப் பார்த்தது.

"சாப்பிடுன்னு என்கிட்ட யாருமே சொன்னதில்ல."

கை உள்ளே போனது. மகள் அம்மாவின் மடியில் சரிந்தாள்.

அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். பிறகு அந்த வீட்டுப் பக்கமே அவர்கள் போகவில்லை. கொஞ்ச நாள் குழாய் வழியாகத்தான் சாப்பாடு இறங்கியது. அப்புறம் ஒரு நாள் மகள் தானாகவே கஞ்சிக்கு வாயைத் திறந்தாள். ஊட்டிய அம்மாவுக்குக் கண்ணீர் நிற்கவில்லை.

சாயங்காலம் நர்ஸ் மகளை எடை மெஷினில் ஏற்றிப் பார்த்தாள். "பரவால்லம்மா, தேறிட்டு வர்றா."

மகள் இறங்கி, அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு கட்டிலுக்கு நடந்தாள்.

"மெஷின் கெட்டுப்போச்சா என்ன?" பின்னாலிருந்து நர்ஸ் முனகுவது கேட்டது.

அம்மா திரும்பிப் பார்த்தாள். முள் பூஜ்யத்துக்குத் திரும்பவில்லை. அதற்குச் சற்று மேலே நின்று நடுங்கிக்கொண்டிருந்தது.

நர்ஸ் குனிந்து தட்டிப் பார்த்தாள். முள் அப்படியே நின்றது.

பிறகு, யாரோ இறங்கியதுபோல, சட்டென்று விழுந்தது.