இருபத்தாறு ஊசி நாட்கள்

“ரோட்டைத் தாண்டணும், கையைக் கொடு.”

“யூனிஃபார்ம்ல இருக்கேன். கையை எடுங்க.”

“அப்ப எப்பதான் பிடிக்கிறதாம்?”

“ரிட்டயர் ஆனதும் பாக்கலாம்.”

கல்யாணமான புதிதில் நடந்த பேச்சு. முப்பத்தைந்து வருஷம் கழித்து, கண் ஆஸ்பத்திரியின் முன்னறையில் கணவருக்குத் துணையாக நிற்கும்போது அது ஏன் ஞாபகம் வந்ததோ, இன்ஸ்பெக்டரம்மாவுக்கே புரியவில்லை. ரிட்டயராகி ஆறு வருஷம் ஆகிறது. அவர் அப்புறம் கேட்கவே இல்லை.

காலை 8.25. நர்ஸ் ஐஸ் பெட்டியைத் திறந்தாள். ஐஸ் இருந்தது. மருந்தைக் காணோம்.

கட்டிலில் இருந்த கணவர் நாற்பது வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவர். வயதானதில் விழித்திரையின் நடுப்பகுதி கெட்டு, எதை நேராகப் பார்த்தாலும் அந்த இடத்தில் ஒரு கறுப்புப் பொட்டு. ஓரப் பார்வை மட்டும் மிச்சம். “உன் தோட்டைப் பாத்தாத்தான் மூக்கு தெரியுது” என்று மனைவியைக் கேலி செய்வார். இரண்டு வருஷத்துக்கு மேலாக மாதம் ஒரு ஊசி, கண்ணுக்குள்ளேயே. இன்று அரிசி மணி அளவுக் குப்பி ஒன்றில் மருந்து நிரப்பிக் கண்ணில் பதிக்கப் போகிறார்கள். மருந்து உள்ளே சிறுகச் சிறுகக் கசியும். வருஷத்துக்கு இரண்டு முறை நிரப்பினால் போதும்.

டாக்டர் எட்டிப் பார்த்தார். “ஊசி இப்ப மூணு வாரம்கூடத் தாங்கலம்மா. ஒன்பதுக்குள்ள மருந்து வரலைன்னா, நான் மறுபடி இங்க வர மூணு மாசம் ஆகும். அதுக்குள்ள இருக்கிற பார்வையும் போயிடலாம்.”

8.30. சின்ன அறை. கட்டில், நாற்காலி, மூலையில் ஊழியர்களின் சாப்பாட்டு ஃப்ரிட்ஜ், அதற்கு மேலே சுவர்க் கடிகாரம். கட்டிலருகே ஐஸ் பெட்டியை வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட இன்ஸ்பெக்டரம்மா போனது 8.10. திரும்பியது 8.22. இடையில் இங்கே இருந்தவர்கள் மூன்றே பேர்.

“சொட்டு மருந்து விட்டேன், போயிட்டேன். பெட்டியைத் தொடவே இல்லம்மா” என்றாள் நர்ஸ். கண் கலங்கிவிட்டது.

அடுத்தது தம்பி. காரோட்டி வந்தவன், ஊரறிந்த மறதிக்காரன்.

“அக்கா, என்னை அப்படிப் பாக்காத. நான் டீ குடிக்கப் போயிட்டேன்.”

“கார் சாவியைக் கொண்டுபோய் அரிசி டின்ல வெச்சவன்தானே நீ?”

“அது ஒரு தடவை!”

கடைசியாகக் கணவர். “நான் என்னத்தைக் கண்டேன்? கண்ணு தெரிஞ்சா இங்க ஏன் வர்றேன்?” சொல்லும்போது அவர் முகம் கடிகாரத்தை நோக்கியே இருந்தது.

பயந்திருக்கிறார், பாவம். அவர் கைகளை எடுத்துப் பிடித்தாள். இடது கை வெதுவெதுப்பாக இருந்தது. வலது கை சில்லிட்டிருந்தது. தேய்த்துவிட்டாள்.

8.43. பை, குப்பைத் தொட்டி, கார், கட்டிலடி எல்லாம் அலசியாயிற்று. நர்ஸ் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றாள்.

“மணி என்னம்மா ஆச்சு?” என்றார் கணவர், கடிகாரத்தைப் பார்த்தபடியே.

“எட்டு நாப்ப...” பாதியில் நின்றது அவள் பேச்சு. நேராகப் போய் ஃப்ரிட்ஜைத் திறந்து சாப்பாட்டு டப்பாக்களை நகர்த்தினாள். பின்னால் மருந்துப் பெட்டி, ஜில்லென்று, பத்திரமாக.

“சிஸ்டர், கண்ணைத் துடைச்சுக்கோங்க. எடுத்தது இவரு.”

“ஐயாவா?”

“மருந்து கெடக் கூடாதுன்னு கவலைப்பட்ட திருடன். பயத்துல சில்லிட்டா ரெண்டு கையும்ல சில்லிடணும்? இவருக்கு ஐஸுக்குள்ள போன கை மட்டும். அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். மணி தெரியாத மனுஷன் கடிகாரத்தை ஏன் பாக்கணும்? தோட்டைப் பாத்து மூக்கைத் தேடுறவராச்சே! மேல பாத்துக்கிட்டே கீழ ஃப்ரிட்ஜைக் காவல் காத்திருக்காரு.”

“மாமா! பழி என் தலையில விழ இருந்துச்சே!” என்றான் தம்பி.

“குத்தத்தை ஒத்துக்கறேன், இன்ஸ்பெக்டர்.” சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

8.52. சக்கர நாற்காலி வந்தது. நர்ஸ் மருந்தோடு உள்ளே ஓடினாள். இன்ஸ்பெக்டரம்மா அவர் முன்னே குனிந்தாள்.

“ஏங்க இப்படிச் செஞ்சீங்க?”

அவர் அவள் தோட்டைப் பார்த்தார்.

“இருபத்தாறு ஊசி. ஒவ்வொரு தடவையும் பஸ்ல இறங்கினதுலேருந்து வீடு வரைக்கும் நீ கையை விடவே இல்ல. நான் கடைப் பலகையெல்லாம் தப்புத் தப்பாப் படிப்பேன், நீ திருத்துவ.”

‘பல் மருத்துவமனை’யை அவர் ‘பால் மருத்துவமனை’ என்று படித்ததும், நடுத்தெருவில் இருவரும் நின்று சிரித்ததும் அவள் கண்முன் வந்தன. ஒவ்வொரு ஊசி நாளும் வந்தது. குழி வந்தால் குழி, படி வந்தால் படி என்று சொல்லிக்கொண்டே நடந்த நாட்கள். அவளுக்குக் கடமையாகத்தான் தோன்றியிருந்தன.

“இதைப் பதிச்சிட்டா வருஷத்துக்கு ரெண்டே நாள்தானே?” குரல் இறங்கியது. “ரிட்டயர் ஆனதும்னு சொன்ன. நீயா கையைக் கொடுப்பேன்னு காத்திருந்தேன். இப்ப நானே கேட்டுடறேன்.”

உள்ளேயிருந்து டாக்டர் கூப்பிட்டார். நாற்காலி அசையவில்லை, அவள்தான் பிடித்து நிறுத்தியிருந்தாள்.

“ஊசி இல்லாத நாள்லயும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு நடப்பியா?”