இன்னொரு கணினியில்

கணினி விளையாட்டுகளைத் திறந்துவிடும் லாஞ்சரில் அந்த விளையாட்டின் பெயருக்குக் கீழே 'கடைசியாக விளையாடியது: இன்று' என்று இருந்தது. கயல் மடிக்கணினியைத் திறந்ததே இப்போதுதான். இதற்கு முன் அதைத் தொட்டு மூன்று மாதம் ஆகிறது.

மேகமலையில் ஒரு தேயிலை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் அவள் மருந்து கொடுப்பவள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். குவார்ட்டர்ஸ் ஜன்னலுக்கு வெளியே மேகம் இறங்கி எதிர்வரிசை வீடுகளை மூடியிருந்தது. தகரக் கூரை விளிம்பிலிருந்து தண்ணீர் ஒவ்வொரு சொட்டாக வாளியில் விழும் சத்தமும், காயாத கம்பளியின் வாடையும், சுவரில் ஊறிக்கொண்டிருந்த ஈரமும் சேர்ந்து அந்த ஒற்றை அறையை இன்னும் சின்னதாக்கியிருந்தன.

கணக்கு அவளுடையதல்ல, தம்பி திலீபனுடையது. சின்னமனூரில் பைக் ஷோரூமில் வேலை பார்த்த அவன் தன் சம்பளத்தில் வாங்கிய விளையாட்டுகள். காசு கொடுத்து வாங்கியிருந்தாலும் லாஞ்சர் வழியாகத்தான் உள்ளே போக முடியும். ஒரு கணக்கில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் விளையாடலாம். இரண்டாவது ஆள் வந்தால் முதல் ஆளை அது வெளியே தள்ளிவிடும். ஆனால் நெட்டை அணைத்து ஆஃப்லைனில் போட்டுவிட்டால் லாஞ்சருக்குத் தெரியாது. அவன் சொந்த ஊரான ஓடைப்பட்டி வீட்டிலும் அவள் மலையிலுமாக விளையாடலாம். இந்தத் தந்திரத்தைச் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான்.

மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில் அவள் அதைத்தான் செய்தாள். லீவு நாள், அவனும் வீட்டில் விளையாடிக்கொண்டிருப்பான், பாதியில் தன்னை வெளியே தள்ளிவிடக் கூடாது என்று, கணினிக்கு நெட் கொடுக்கும் போனை ஃப்ளைட் மோடில் போட்டுவிட்டுப் பதினொரு மணிக்கு உட்கார்ந்தாள். நாலு மணிக்குப் போனை உயிர்ப்பித்தபோது, தவறிய அழைப்புகளைச் சொல்லும் ஒரு மெசேஜ் வந்தது. அவன் பதினேழு முறை கூப்பிட்டிருந்தான். திருப்பிக் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. ஏதாவது புது விளையாட்டைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருப்பான் என்று விட்டுவிட்டு மறுபடி விளையாடினாள்.

சொல்லாமல் அவளைப் பார்க்க வந்துகொண்டிருந்தவன் மூன்று வளைவு கீழே பைக்கோடு சரிந்து கிடந்தான். இருட்டும் நேரத்தில் தேயிலை லாரிக்காரர்கள் பார்த்தபோது உயிர் இல்லை. அவள் அந்த மெசேஜை அன்று ராத்திரியே அழித்தாள்.

இப்போது விளையாட்டைத் திறந்தாள். ஒரு பள்ளத்தாக்கில் இரண்டு பேர் நிலம் திருத்திப் பயிர் வைக்கிற விளையாட்டு அது. அவன் மலைக்கு வரும்போதெல்லாம் இந்தக் கணினியில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆடுவார்கள். அவன் இல்லாத நாட்களில் அவனுடைய உருவம் குடிசைக்குள் படுத்துத் தூங்கும். எப்போதும்.

குடிசைக் கதவு திறந்திருந்தது. கட்டில் காலி. அவர்கள் வைத்த திராட்சைக் கொடிகளுக்கு யாரோ தண்ணீர் பாய்ச்சியிருந்தார்கள்.

அவள் மடிக்கணினியை மூடிவிட்டாள்.

மறுநாள் ஆஸ்பத்திரி போனிலிருந்து அம்மா சந்தனம்மாளைக் கூப்பிட்டாள். தம்பியின் மடிக்கணினியை யாராவது எடுத்தார்களா என்று கேட்டாள். பீரோவில் அவன் சட்டையால் சுற்றி வைத்திருப்பதாகவும், சார்ஜ் செத்துப்போய்க் கிடப்பதாகவும் அம்மா சொன்னாள். பிறகு அம்மாவாகவே ஆரம்பித்தாள்.

"கருமாதிக்கு வந்தவுக எல்லாம் கேட்டாக, அம்புட்டுப் பக்கத்துல இருந்தும் அக்காக்காரி ஏன் போகலைன்னு. அங்கன டவரு இல்லைன்னு நாந்தேன் சொன்னேன். போனு அடிச்சிருந்தா எம்மக பறந்து போயிருப்பான்னு சொன்னேன். சொன்னது சரிதானே ஆத்தா?"

போனைத் தானே அணைத்து வைத்ததைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். மருந்துக்காக வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் தன்னையே பார்ப்பதுபோல் இருந்தது.

"ஆமாம்மா," என்றாள்.

அடுத்த ஞாயிறு போனை ஆஸ்பத்திரி அலமாரியில் பூட்டிவிட்டு வந்தாள். கணினிக்கு இனி எந்த வழியிலும் நெட் கிடையாது. பார்க்காமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் அவன் தண்ணீர் பாய்ச்சிய கொடிகளைப் பார்க்காமல் இருப்பதும் அவனை இன்னொரு தடவை விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. கட்டிலில் சுவரோரமாகச் சாய்ந்து திறந்தாள்.

'கடைசியாக விளையாடியது: இன்று.'

குடிசை காலியாகவே இருந்தது. கொடிகள் பழுத்துத் தொங்கின. தோட்டத்தைத் தாண்டி, அவர்கள் இதுவரை போகாத மலைப் பக்கமாகப் புதிதாக ஒரு பாதை வெட்டப்பட்டிருந்தது. அந்த விளையாட்டில் வயல் பெயரை எழுதி நட ஒரு மரப்பலகை உண்டு. பாதையோரம் அப்படி ஒரு பலகை நின்றது. கயல் தன் உருவத்தை அதன் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள்.

'எடுக்கா.'

போனை எடு அக்கா என்று அவன் கெஞ்சுவதுபோல். பத்தடி தள்ளி இன்னொன்று.

'எடுக்கா.'

அவள் மேலும் நடந்தாள். ஒவ்வொரு பலகையாக எண்ணிக்கொண்டே. ஏழு. பதினொன்று. பதினாறு. பாதை ஒரு வளைவில் முடிந்தது. பதினேழாவது பலகை சரிவின் விளிம்பில் நின்றது. அதற்குக் கீழே, புல்லுக்குள், அவனுடைய உருவம் மல்லாந்து கிடந்தது.

அது அசைந்தது. தலையை மட்டும் திருப்பி, மேலே பார்த்தது.

கயல் விளையாட்டை அணைத்தாள். அணைந்தது. லாஞ்சர் மட்டும் மிஞ்சியது. அதன் நடுவில் ஒரு சின்னப் பெட்டி வந்தது.

'இந்தக் கணக்கில் இன்னொரு கணினியில் ஒருவர் இருக்கிறார். நீங்கள் தொடர்ந்தால் அவர் அங்கிருந்து வெளியேற்றப்படுவார்.'

கீழே இரண்டு பொத்தான்கள். தொடர். விடு.

நெட் இல்லை. போன் இல்லை. இதைக் கேட்பது யார்?

விடு என்பதை அழுத்தினால் அவன் அங்கேயே கிடப்பான். அந்தச் சரிவில். கூப்பிட்டுக்கொண்டு. தொடர் என்பதை அழுத்தினால் அங்கே இருக்க மாட்டான். அவனுக்காகத்தான் என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். அது பொய் என்று அவளுக்கே தெரிந்தது. அந்தப் பார்வை இனி இந்தத் திரைக்குள் இருக்கக் கூடாது. அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. முகம் சுட்டது.

தொடர்.

பெட்டி மறைந்தது. இன்னொரு வரி வந்தது.

'அவர் வெளியே வந்துவிட்டார்.'

வாளியில் சொட்டுச் சத்தம் நின்றுபோயிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை.

கட்டிலின் இடப்பக்கம் மெல்ல இறங்கியது. ஒருவர் உட்கார்ந்தால் இறங்குகிற அளவு. அவன் எப்போதும் உட்காரும் பக்கம். அவள் திரும்பவில்லை. போர்வையில் ஓர் ஈரம் தோன்றி, விரிந்து, அவள் தொடையைத் தொட்டது. பெட்ரோல் வாடை. நசுங்கிய புல்லின் வாடை.

"திலீபா," என்றாள்.

அவள் தோளில் ஒரு பாரம் சாய்ந்தது. கனமான, உருண்டையான, குளிர்ந்த ஒன்று. ஹெல்மெட். அதன் உடைந்த விளிம்பு கழுத்தில் உரசியது. அதிலிருந்து ஏதோ சூடில்லாமல் வழிந்து சட்டைக்குள் இறங்கியது.

எழுந்து ஓடலாம். கதவு நாலடியில் இருந்தது. அவள் ஓடவில்லை. ஓட அவளுக்கு வெட்கமாக இருந்தது.

காதோரம், ஹெல்மெட்டுக்குள், ஒரு தாடை கிறீச்சென்று திறந்தது. மூச்சு இழுத்தது. பேச ஆரம்பித்தது.