தேயாத கைப்பிடி

"என் தம்பி கொலைகாரன் இல்ல சார்!" அந்தப் பெண் இன்னும் உட்காரக்கூட இல்லை.

துப்பறிவாளர் நாற்காலியைக் காட்டினார். வழக்கு என்றால் சோறு தண்ணீர் வேண்டாத அவருடைய மைத்துனன் அதற்குள் பேனாவைத் திறந்துவிட்டான்.

விஷயம் ஊருக்கே தெரிந்ததுதான். விமானம் தரையைவிட்டு எழும்பியதும் வலது இன்ஜின் நின்றுபோனது. ஓட்டிய தம்பியோ நன்றாக ஓடிக்கொண்டிருந்த இடது இன்ஜினை அணைத்துவிட்டான். ஒருவரும் பிழைக்கவில்லை. குடித்திருந்தான் என்று ஊர் வாய்க்கு வந்தபடி பேசியது. செத்தவன் எழுந்து வந்தா பதில் சொல்வான்?

"சிமுலேட்டர்ல, அதான் தரையிலயே விமானம் ஓட்டிப் பழகுற மெஷின்ல, எல்லாப் பரீட்சையிலயும் பாஸ் ஆனவன் சார். அந்த மெஷினை இயக்குறதே நான்தான். பின்னாடி உட்கார்ந்து பார்த்திருக்கேன், ஒருதடவைகூட அவன் கை தடுமாறினதில்ல. யாரோ விமானத்துல வயரை மாத்தியிருக்கணும். எங்கம்மா வெளிய தலைகாட்ட முடியல சார்."

"வயர் சரியாத்தான் இருந்துச்சுன்னு விசாரணையில சொல்லிட்டாங்கம்மா. உங்க மெஷினைப் பார்க்கலாமா?"

இரும்புக் கால்கள்மேல் நின்ற பெரிய பெட்டி அது. உள்ளே அச்சு அசலாக விமானி அறை. மைத்துனன் ஓடிப்போய் விமானியின் இருக்கையைப் பிடித்துக்கொண்டான்.

"அத்தான், இதெல்லாம் தொடலாமா?"

"தொட்டுக்கோ. உடைஞ்சா உங்கக்காவுக்கு நீயே பதில் சொல்லு."

துப்பறிவாளரின் கண் இரண்டு சிவப்புக் கைப்பிடிகளில் நின்றது. இடதில் சாயம் தேய்ந்து உலோகம் தெரிந்தது. வலது, கடையிலிருந்து இப்போதுதான் வந்தது போலிருந்தது.

"இது எதுக்கும்மா?"

"இன்ஜின் நின்னா அந்தப் பக்கத்துக் கைப்பிடியை இழுக்கணும். மத்த நேரத்துல யாரும் தொடமாட்டாங்க."

"வலது இன்ஜினை நிறுத்திக் காட்டுங்க."

அவள் தயங்கினாள். "இடதைக் காட்டட்டுமா சார்?"

"வலது."

அவள் திரையைத் தொட்டாள். பெட்டி வலப்பக்கமாக ஒரு வெட்டு வெட்டி, இருட்டாகி, அப்படியே நின்றுவிட்டது. "ஐயோ அத்தான்!" என்று மைத்துனன் அலறினான்.

"வலப்பக்கம் சாய்க்கிற இரும்புக் கால் ரிப்பேர் சார். கேட்டுக் கேட்டு அலுத்துட்டோம், மாத்தித் தரல."

"பரீட்சை வைக்கிறவர் எந்தப் பக்கம்னு சொல்வாரா?"

"இன்ஜினை நிறுத்துன்னு மட்டும் சொல்வார். பக்கம் என் இஷ்டம். பாதியில மெஷின் நின்னா பரீட்சை ரத்து, வந்த விமானிங்க பறக்க முடியாது. பாவமேன்னு நான் எப்பவும் இடதையே..."

அவள் பார்வை தேய்ந்த கைப்பிடியில் போய் நின்றது.

"யாரும் வயரை மாத்தலம்மா," என்றார் துப்பறிவாளர் மெதுவாக. "உங்க தம்பி குடிக்கவும் இல்ல. எந்த இன்ஜின்னு பார்த்துட்டுத்தான் இழுக்கணும். ஆனா இங்க ஒருநாளும் பார்க்க வேண்டிய அவசியமே வரல. அந்தப் பதற்றத்துல, பழகின பக்கம் கை தானா போயிடுச்சு."

"அப்போ அவன்மேல தப்பில்லையே சார்?"

"இல்லம்மா."

அவள் கேட்க வந்தது அந்த ஒரு சொல்லைத்தான். கிடைத்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

கூரைக்குமேல் ஒரு விமானம் இரைந்துகொண்டு கிளம்பிப் போனது. இன்னும் எதுவும் விளங்காத மைத்துனன், "இப்பப் போறதை யாருங்க ஓட்டுறாங்க?" என்று கேட்டுவைத்தான்.

"இங்க பாஸ் ஆனவங்கதான்," என்றாள் அவள். இரைச்சல் ஓயும்வரை கூரையையே பார்த்தாள். பிறகு தட்டுத்தடுமாறி எழுந்துபோய் விமானக் கம்பெனி மேலாளரைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"எல்லாரையும் கீழ இறக்குங்க சார். இனி யாரும் பறக்க வேண்டாம். ஏன்னு கேட்டா... அத்தனை பேரையும் கொன்னது என் தம்பி இல்ல, நான்தான்னு சொல்லுங்க."