கிளாகே கடையின் சீட்டு இயந்திரம்

புரூக்லின் துறைமுகத்தில் மதுக்கடை வைத்திருந்த ஹெர்மன் கிளாகே, ஒரு செவ்வாய்க்கிழமை காலை துப்பறிவாளர் டெர்ஹூனின் அறைக்கு வந்தார். தொப்பியைக் கழற்றக்கூட மறந்து உட்கார்ந்தார். வந்த விஷயத்தைத் தொடங்குவதற்கே அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

படகுச் சங்கத்தின் வெள்ளிக் கோப்பை அவர் கடை அலமாரியில்தான் இருக்கும். வரும் ஞாயிறு போட்டி. கோப்பையைப் பந்தயத்தில் வைக்காவிட்டால் போட்டி கிடையாது என்பது சங்கத்து விதி. போன ஞாயிறு பிற்பகல் தெருவில் பாண்டு வாத்திய ஊர்வலம் போயிற்று. கடையில் இருந்தவர்கள் வேடிக்கை பார்க்க வெளியே ஓடினார்கள். திரும்பி வந்தபோது கோப்பையைக் காணோம்.

உள்ளே தங்கியவர்கள் இரண்டே பேர். பரிமாறுகிற எமில் சொபோட்கா, நிலவறையில் பீர்ப் பீப்பாய் மாற்றிக்கொண்டிருந்ததாகச் சொன்னான். சங்கத்துத் துடுப்பாளர் வெண்டல் கிராக்கர், ஊர்வலம் போய் முடியும்வரை காசு போட்டு ஆடும் சீட்டு இயந்திரத்தை விட்டு நகரவில்லை என்றும், அலமாரிக்கு முதுகு காட்டி நின்றதால் எதையும் பார்க்கவில்லை என்றும் சொன்னார். எமில் இளவயதில் ஒரு திருட்டுக்காகச் சிறை போனவன். பிறகென்ன, எல்லோர் விரலும் அவன் பக்கம் நீண்டது. புதன் மாலைக்குள் அவனைப் போலீசில் ஒப்படைக்க வேண்டும் என்று சங்கத்தார் கெடு வைத்துவிட்டார்கள்.

"எமில் எடுக்கல. எனக்குத் தெரியும்," என்றார் கிளாகே.

"எப்படித் தெரியும்?"

கிளாகே ஜன்னலைப் பார்த்தார். "தெரியும், அவ்வளவுதான். கிராக்கர் அன்னிக்கு ஆடின ஆட்டத்த இன்னொரு தடவ சொல்லச் சொல்லுங்க. ஒரு வார்த்த விடாம கேளுங்க."

அவர் போனதும், டெர்ஹூனின் உதவியாளர் கேரிட்டி கோட்டை மாட்டிக்கொண்டு நின்றார். டிராம் வண்டியில் டிக்கெட் கொடுக்கும் வேலையை இந்தத் தொழிலுக்காக விட்டவர். காலை ஓரிடத்தில் வைக்கத் தெரியாதவர்.

கடையில் அவர் நேராக இயந்திரத்திடம்தான் போனார். கண்ணாடிக்குப் பின்னால் ஐந்து உருளைகள். ஒவ்வொன்றிலும் பத்துச் சீட்டுகள் ஒட்டியிருந்தன; எந்தச் சீட்டும் இரண்டு முறை கிடையாது. ஐந்து சென்ட் நாணயத்தைப் போட்டுக் கைப்பிடியை இழுத்தால் உருளைகள் சுழன்று ஐந்து சீட்டைக் காட்டும். நல்ல சேர்க்கை விழுந்தால் கிளாகே ஒரு குவளை பீரோ ஒரு சுருட்டோ தருவார். கேரிட்டி தன் சில்லறை முழுவதையும் அதற்குள் இறக்கிவிட்டு, நிலவறைக்கு இரண்டாவது படிக்கட்டு உண்டா என்று தேடப் போனார். அப்படி ஒன்று இல்லை.

மதியம் கிராக்கர் வந்தார். கேட்டதும் தயக்கமில்லாமல் சொன்னார்:

"மறக்குமா? இஸ்பேட் ராஜா, ராணி, ஜாக், பத்து. நாலும் வரிசையா வந்து நின்னுச்சு. அஞ்சாவது உருளையில இஸ்பேட் ஏஸ் விழுந்திருந்தா பெரிய பரிசே எனக்குத்தான். பாழாப்போன ஆட்டின் நாலு வந்துச்சு."

டெர்ஹூன் தலையசைத்தார். இதற்கு முன்பு எப்போதாவது ஆடியதுண்டா என்று மட்டும் விசாரித்தார். இல்லை, அன்றுதான் முதல் தடவை என்றார் கிராக்கர். போட்டிக்கு அவரைப் படகில் சேர்க்கவில்லை என்பதைச் சங்கத்தாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார் டெர்ஹூன்.

புதன் மாலை கடையில் எல்லோரும் கூடினார்கள். எமில் தன் துணிமூட்டையைக் கட்டி மேசையடியில் வைத்திருந்தான்.

"கேரிட்டி, ஒரு கட்டுல எத்தன சீட்டு?" என்றார் டெர்ஹூன்.

"அம்பத்திரண்டு சார்."

"அந்த மெஷின்ல?"

கேரிட்டி வாயைத் திறந்தார், அஞ்சு பத்து என்று முணுமுணுத்தார், பிறகு இயந்திரத்தைத் திரும்பிப் பார்த்தார். "அம்பதுதான் வருது."

"அப்ப ரெண்டு சீட்டு அதுல இல்ல. எந்த ரெண்டுன்னு வெளியில இருந்து பாத்தா தெரியாது. சாவி கிளாகேகிட்ட இருக்கு. திறக்கறதும் திறக்காததும் அவர் இஷ்டம்."

கிளாகே எழுந்துபோய், இயந்திரத்தின் பின்கதவைத் திறந்து, உருளைகளை ஒவ்வொன்றாகக் கையால் சுற்றிக் காட்டினார்.

"இஸ்பேட் பத்தும் ஆட்டின் ஜாக்கும் கிடையாது," என்றார். "பெரிய பரிசு அடிக்கடி போகக் கூடாதுன்னு நான்தான் எடுக்கச் சொன்னேன். அந்தப் பத்து இந்தக் கடையில யார் கண்ணுலயும் பட்டதில்ல."

எல்லோரும் கிராக்கரைப் பார்த்தார்கள்.

"ஆடினவங்க வாயில வராத சீட்டு அது," என்றார் டெர்ஹூன். "ஊர்வலம் போறப்ப நீங்க மெஷின் பக்கமே இல்ல. எங்க போயிருந்தீங்க?"

கிராக்கர் தணிந்த குரலில் சொல்லிவிட்டார். தன்னை விட்டுவிட்டுப் படகு போவதை அவரால் தாங்க முடியவில்லை; கோப்பை இல்லையென்றால் போட்டியே நடக்காதே என்று நினைத்தார். பக்கவாசல் வழியாகப் படகுக் கொட்டகைக்கு ஓடி, கிழிந்த பாய்களுக்கு அடியில் அதை ஒளித்துவிட்டு வந்தார். இரண்டு பேர் போய் எடுத்து வந்தார்கள். சங்கத் தலைவர் எமிலின் கையைப் பிடித்து, எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார்.

கிளாகே தப்பவில்லை. பாதிப் பேர் காறித் துப்பிவிட்டு வெளியேறினார்கள். மூட்டை தூக்கும் நில்ஸ் மட்டும் நிதானமாக உட்கார்ந்து, "இத்தன நாள் அந்த மெஷின்ல நான் விட்ட காசுக்கு வரவேண்டிய பீரெல்லாம் இன்னிக்கே ஆரம்பிக்கட்டும்," என்றான். சிலர் சிரித்துவிட்டு அவனருகே உட்கார்ந்தார்கள்.

கூட்டம் கலைந்ததும் எமில் முதலாளியிடம் வந்தான்.

"கிராக்கர் வாயில அந்தப் பத்து வந்தப்பவே உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"என்னத் திருடன்னு சொன்னப்ப எல்லாம் பக்கத்துலயே நின்னுட்டிருந்தீங்க."

"நின்னேன். சொன்னா கட போயிடும்னு பயம். அதான் துப்பறியறவர்கிட்ட ஓடினேன். நான் சொல்லாம அவரே கண்டுபிடிச்சிடட்டும்னு."

எமில் குனிந்து துணிமூட்டையை எடுத்தான். கிளாகே தடுக்கவில்லை, தடுக்கத் தனக்கு உரிமையில்லை என்று நினைத்தவர்போல நின்றார். வாசல்வரை போன எமில் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு நின்றான்.

"இத்தன நடந்தும் கடைச் சாவிய எங்கிட்டேர்ந்து நீங்க வாங்கல."

"வாங்கணும்னு தோணல."

எமில் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டான்.

"இத வீட்ல போட்டுட்டு வரேன்," என்றான். "காலைல நானே திறக்கறேன். நீங்க கொஞ்சம் லேட்டா வாங்க."