வாலைத் தூக்கும் வண்டுகள்

இருளாண்டியின் முழங்காலில் ஒரு கருவண்டு ஏறிக்கொண்டிருந்தது. தட்டிவிடக் கை எழவில்லை.

விடிந்து வெகு நேரமாகிவிட்டது. வெளியே காயும் தோல்களின் வீச்சமும், உப்பு நெடியும், நரிக்குடிப் பாதையில் வண்டிமாடுகளின் கழுத்துமணியும் அவனுக்குத் துல்லியமாகத் தெரிந்தன. கையும் காலும் நாக்கும் மட்டும் அவன் பேச்சைக் கேட்கவில்லை. தூக்கத்தில் ஏதோ சுருக்கென்றது நினைவுக்கு வந்தது. கட்டுவிரியன் தீண்டியிருக்கிறது. இமைகள் பாதியில் நின்றுவிட்டன. மூச்சு இருக்கிறதா என்று அவனுக்கே சந்தேகம்.

பஞ்சம் பிடித்த வருடம் அது. பரளச்சிக் காட்டில் செத்து விழும் மாடுகளை உரிப்பவர்களுக்கு இரண்டு வண்டுகளைத் தெரியும். இரண்டுக்கும் குட்டைச் சிறகு. தொட்டால் தேள் மாதிரி வாலைத் தூக்கும். எறும்பளவு செவ்வண்டு விளக்குக்கும் உயிருள்ள உடம்புக்கும் வரும், நசுக்கினால் தோல் வெந்துபோகும், பிணத்தைச் சீண்டாது. அரை விரல் நீளக் கருவண்டு அழுகலில் நெளியும் புழுவைத் தின்ன வரும். கருவண்டு ஏறினால் கத்தியை எடுக்கலாம் என்பது அவர்கள் வழக்கம். அதில் இருளாண்டி மகா பிடிவாதக்காரன். கண்சிமிட்டிய பசுவைக்கூட அப்படி உரித்திருக்கிறான், பாவி.

அவன் காலில் ஒரு பழம்புண். புழு வைத்ததை வெளியே சொல்லாமல் துணி சுற்றி மறைத்திருந்தான். முந்தாநாள் மனைவி மாரிக்கனியை விலாவில் மிதித்ததும் அந்தக் காலால்தான்.

"அண்ணே... ஏ அண்ணே!" தம்பி பால்ச்சாமி உலுக்கினான். வண்டைக் கண்டதும் கையை எடுத்துக்கொண்டான். "மதினி, கருப்பு ஏறிருச்சு."

இல்லைடா. புண்ணைப் பாருடா. எல்லாம் அவன் மண்டைக்குள்ளேயே சுற்றியது.

காலில் சுற்றிய துணியை அவிழ்க்காமலே குளிப்பாட்டினார்கள். தலைமாட்டில் விளக்கேற்றினார்கள். பொழுது சாய்கையில் விளக்கைச் சுற்றிய செவ்வண்டு ஒன்று அவன் கன்னத்தில் இறங்கி ஊர்ந்தது.

பால்ச்சாமி குனிந்தான். "செவப்பு உக்காந்திருக்கே மதினி. இது பொணத்துல உக்காராதே?"

பாரு. நல்லாப் பாரு.

மாரிக்கனி கை நீட்டி, வண்டை அவன் கண்ணோரத்தில் வைத்து நசுக்கினாள். "வெளக்குக்கு வந்தது தம்பி. நீ போய்க் குழி வெட்டியாச்சான்னு பாரு."

அவன் போனான்.

எரிந்தது. கண் எரிந்தது. நீர் திரண்டது. வழிந்தது.

மாரிக்கனி அதைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். முந்தானையால் துடைத்தாள். காதருகே குனிந்தாள்.

"அழுவாதீக. செத்தவுக அழக்கூடாது."

தாடையைப் பிடித்துத் திறந்தாள். வாய்க்கரிசியைப் போட்டு, நாக்கைத் தாண்டி விரலால் உள்ளே தள்ளினாள். அடுத்த பிடியை அள்ளினாள்.